நமக்கென்று ஒரு மாநிலம் இல்லை, அப்புறம் கூட்டரசு நமக்கு எதற்கு? பீடோங்கில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் பீடோங்கில், ஒரு கடைவீட்டு மாடியில் சனி, ஞாயிறுகளில் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) மாணவர்களுக்கு வரலாறு சொல்லிக் கொடுக்கிறேன். செம்பனைக் காட்டுக்கு நடுவே இருக்கும் ஒரு தோட்டக் கோயிலுக்குச் செயலாளராகவும் இருக்கிறேன். இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. மாணவர்கள், "சார், பிரதமர் சொன்னா மந்திரி பெசார் (மாநில முதல்வர்) கேட்டே ஆகணுமா?" என்பார்கள். கோயிலில் பெரியவர்கள், "தம்பி, இது கோலாலம்பூர் சமாசாரமா, அலோர்ஸ்டார் சமாசாரமா?" என்பார்கள். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

கூட்டரசு என்றால் என்ன சார்? பாடப்புத்தகத்தில் இருப்பது மாதிரி சொல்ல வேண்டாம்.

சரி, நம் ஊர்த் தமிழ்ப்பள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியருக்குச் சம்பளம் தருவது மத்திய அரசின் கல்வி அமைச்சு, அதாவது புத்ராஜெயா. பள்ளிக்கு நிலம் ஒதுக்குவதா, பட்டா தருவதா என்பதை முடிவு செய்வது கெடா மாநில அரசு, அதாவது அலோர்ஸ்டார். பள்ளி வாசலில் சாக்கடை அடைத்துக்கொண்டால் நகராண்மைக் கழகத்துக்கு எழுத வேண்டும், அது சுங்கைப்பட்டாணியில். ஒரே வாசலுக்கு மூன்று எசமான்கள்.

யாருக்கு எது என்பதை அரசியலமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணை மூன்று பட்டியலாகப் பிரித்து வைத்திருக்கிறது. போலீஸ், கல்வி, மருத்துவமனை, குடியுரிமை, பெரும்பாலான வரிகள் எல்லாம் மத்திய அரசுக்கு. நிலம், காடு, ஊராட்சி, இஸ்லாமியச் சமய நிர்வாகம் இவையெல்லாம் மாநிலத்துக்கு. மூன்றாவது பட்டியல் இரண்டு பேருக்கும் பொது. தோட்டத்து ஆட்களுக்கு உயிர்நாடியான இரண்டு விஷயம் நிலமும் சமயமும். அவை இரண்டும் மாநிலத்தின் பக்கம் போய்விட்டன என்பதை மட்டும் இப்போதைக்கு மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சின்ன நாட்டுக்கு எதற்கு இத்தனை அரசாங்கம்?

1946-இல் பிரிட்டிஷ்காரர்கள் ஒன்பது மலாய் மாநிலங்களையும் பினாங்கு, மலாக்காவையும் சேர்த்து மலாயன் யூனியன் என்று ஒன்றை அமைத்தார்கள். சுல்தான்களின் அதிகாரம் பெயருக்கு மட்டும் என்றாகிவிட்டது, வெளியிலிருந்து வந்தவர்களுக்குக் குடியுரிமையும் எளிதாகும் என்றார்கள். மலாய்க்காரர்கள் கொதித்துப் போனார்கள். அந்தக் கொதிப்பில்தான் அதே வருடம் மே மாதம் மலாய்க்காரர்களின் கட்சியான அம்னோ பிறந்தது. இரண்டே வருடத்தில் யூனியன் போய், 1948 பிப்ரவரியில் மலாயாக் கூட்டரசு வந்தது. ஆக, இந்த நாட்டில் மலாய் தேசியவாதத்துக்குக் கிடைத்த முதல் பெரிய வெற்றியே கூட்டரசுதான். சுல்தானும் மாநிலமும் இருந்தால்தான் தங்கள் இடம் தங்களுக்கு நிலைக்கும் என்று அவர்கள் நினைத்தார்கள்.

அப்புறம் சுதந்திரத்துக்கு முன் அரசியலமைப்புச் சட்டத்தை வரைய ரீட் ஆணையம் வந்தது. பிரிட்டனிலிருந்து இரண்டு பேர், ஆஸ்திரேலியா, இந்தியா, பாகிஸ்தானிலிருந்து ஒவ்வொருவர், மொத்தம் ஐந்து பேர். அவர்கள் வரைந்ததைத் திருத்தித்தான் 1957-இன் சட்டம் வந்தது. மலாய்க்காரர்களின் சிறப்புநிலை (பிரிவு 153), கூட்டரசின் சமயம் இஸ்லாம் (பிரிவு 3), மற்றவர்கள் தத்தம் சமயத்தைப் பின்பற்றும் உரிமை (பிரிவு 11), நம்மவர்களுக்குக் குடியுரிமை எல்லாம் ஒரே பேரத்தில் ஒன்றாகக் கட்டிய மூட்டை. ஒரு முடிச்சை அவிழ்த்தால் மற்றதும் நெகிழும். அதனால்தான் 153 பற்றி யாராவது வாய் திறந்தால் அத்தனை பேரும் பதறுகிறார்கள்.

ஒரு இனத்துக்கோ மதத்துக்கோ மாநிலம் கொடுத்தால் அவர்கள் அடங்குவார்களா, இல்லை இன்னும் கேட்பார்களா?

இதுதான் முக்கியமான கேள்வி, கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்கிறேன்.

இந்தியாவில் மிசோரம் என்று ஒரு மலைநாடு. 1959 வாக்கில் மூங்கில் பூத்து, எலி பெருகி, பயிரெல்லாம் அழிந்து பஞ்சம் வந்தது. அரசாங்கம் சரியாகக் கவனிக்கவில்லை. பஞ்ச நிவாரணத்துக்காக லால்டெங்கா என்பவர் தொடங்கிய அமைப்புதான் பிறகு மிசோ தேசிய முன்னணி ஆனது. 1966-இல் அவர்கள் ஆயுதம் தூக்கித் தனிநாடு அறிவித்தார்கள், இந்திய விமானப்படை ஐஸால் நகரத்தின் மேலேயே குண்டு போட்டது. இருபது வருடம் கழித்து 1986-இல் ஒப்பந்தம். ஆயுதம் தூக்கிய லால்டெங்கா முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார், அடுத்த வருடம் மிசோரம் முழு மாநிலமானது. பின்னர் கட்சித் தாவலால் அவர் ஆட்சி கவிழ்ந்தது, அடுத்த தேர்தலிலும் தோற்றார். அதன்பின் அங்கே தனிநாட்டுப் போர் திரும்பவில்லை.

தமிழ்நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திராவிட நாடு கேட்ட திமுக 1963-இல் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. பிரிவினை பேசினால் தேர்தலில் நிற்க முடியாது என்று சட்டம் வந்தது ஒரு காரணம்தான். மொழிவழி மாநிலம் 1956-இலேயே கிடைத்திருந்தது, தேர்தலில் ஜெயித்தால் ஆளலாம் என்ற வழி கண்ணுக்குத் தெரிந்தது. 1967-இல் ஜெயித்தார்கள், 1969-இல் மாநிலத்தின் பெயரே தமிழ்நாடு ஆனது. இந்தித் திணிப்பை எதிர்த்து 1965-இல் தெருவில் உயிர் போனதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கோபத்துக்கு வாக்குப்பெட்டியில் ஒரு வாசல் இருந்தது.

நைஜீரியாவில் வேறு கதை. சுதந்திரம் வந்தபோது மூன்றே பெரிய பிராந்தியங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய இனம். எந்நேரமும் மூன்று பேர் கயிறு இழுக்கும் நிலைமை. 1967 மே மாதம் நாட்டைப் பன்னிரண்டு மாநிலமாகப் பிரித்தார்கள். சில நாளிலேயே கிழக்குப் பகுதி பியாஃப்ரா என்று பிரிந்து போவதாக அறிவித்தது, 1970 ஜனவரி வரை போர். இன்றைக்கு அங்கே 36 மாநிலங்கள். அதிபராக வருகிறவர் மொத்த வாக்கில் முதலில் வந்தால் மட்டும் போதாது, மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களில் நாலில் ஒரு பங்கு வாக்காவது வாங்கியாக வேண்டும். தன் இனத்து ஊரில் மட்டும் கைதட்டு வாங்குகிறவன் நாட்டை ஆள முடியாது. இந்த விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இதையெல்லாம் பார்த்து எனக்குப் புரிந்தது இதுதான். மாநிலம் கொடுப்பதால் கோபம் தீர்ந்துவிடாது, ஆனால் கோபக்காரனுக்கு ஒரு வேலை கிடைக்கிறது. சாலை போட வேண்டும், தண்ணீர் விட வேண்டும், அடுத்த தேர்தலில் பதில் சொல்ல வேண்டும். கொடுத்த வாக்கை மத்திய அரசு பின்வாசல் வழியாகத் திருடினால்தான் பழைய கோபம் பத்து மடங்காகத் திரும்பி வரும்.

இலங்கையில் ஏன் போர் வரை போனது?

கேட்டதைக் கொடுக்காததால். செல்வநாயகம் 1949-இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியபோது கேட்டது கூட்டாட்சி மட்டும்தான். 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1957-இல் பண்டாரநாயக்காவோடு ஒரு ஒப்பந்தம் போட்டார், அடுத்த வருடமே அதைக் கிழித்துப் போட்டார்கள். கூட்டாட்சி கேட்டவர்கள் 27 வருடம் காத்திருந்து, 1976-இல் வட்டுக்கோட்டையில் தனிநாடு கேட்டார்கள். 1987-இல் பதின்மூன்றாவது திருத்தம் மாகாண சபைகளைக் கொண்டுவந்தபோது துப்பாக்கி ஏற்கெனவே வெடித்துக்கொண்டிருந்தது.

ஆனால் நம் தோட்டத்துப் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது இலங்கையின் இன்னொரு பக்கம். மலையகத் தமிழர்கள் நம்மைப் போலத்தான், கங்காணி கூட்டிக்கொண்டு போன ஆட்கள். நாம் பால்மரம் (ரப்பர்), அவர்கள் தேயிலை. 1948-இலேயே அவர்களுடைய குடியுரிமையைப் பறித்துவிட்டார்கள். 1964-இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலையை எண்ணிப் பிரித்தார்கள். மிச்சம் இருந்த ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தார்கள். வடக்குக்கும் கிழக்குக்கும் கூட்டாட்சி கிடைத்திருந்தால்கூட, நுவரெலியாவில் லயத்து வீட்டில் இருந்தவருக்கு அதனால் நேரடியாக என்ன வந்திருக்கும்? அவருடைய பிரச்சினை நாட்டின் தலைநகரத்தில் முடிவாகும் குடியுரிமைப் பிரச்சினை.

இதே வேறுபாடு நமக்கும் உண்டு. கூட்டாட்சி, ஒரே நிலத்தில் சேர்ந்து வாழும் கூட்டத்துக்குத்தான் நேராகப் பலன் தரும். சிதறி வாழ்கிறவனுக்கு மாநில எல்லைக்கோடு சோறு போடாது. அவனுக்குச் சட்டமும் நீதிமன்றமும் அடையாள அட்டையும்தான் நிலம்.

கெடாவை பாஸ் என்ற இஸ்லாமியக் கட்சி ஆள்கிறது. நாளைக்கே இஸ்லாமியச் சட்டம் நம் மேலும் பாயுமா?

பாயாது. இந்தப் பயத்தைத் தூண்டிவிட்டு ஓட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். இஸ்லாமியக் குற்றங்கள் குறித்து மாநிலம் சட்டம் இயற்றலாம், ஆனால் இஸ்லாத்தைப் பின்பற்றுகிறவர்களுக்கு மட்டும். ஷரியா நீதிமன்றம் தரக்கூடிய தண்டனைக்கும் நாடாளுமன்றச் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது: மூன்று வருடச் சிறை, 5,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம், ஆறு பிரம்படி. கிளந்தான் 1993-இலும் திரெங்கானு 2002-இலும் ஹுடூட் எனும் இஸ்லாமியத் தண்டனைச் சட்டத்தை நிறைவேற்றின, ஆனால் இந்த வரம்பு தடுத்ததால் அமலுக்கு வரவே இல்லை.

2024 பிப்ரவரி 9-ஆம் தேதி நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் இதில் பெரிய தீர்ப்பு ஒன்று சொன்னது. நிக் எலின் என்ற கிளந்தான் வழக்கறிஞரும் அவர் மகளும் தொடுத்த வழக்கு. கிளந்தானின் ஷரியா குற்றச் சட்டத்தில் 16 பிரிவுகள் செல்லாது என்று ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் சொன்னார்கள். அவர்கள் கைவைத்தது சமயத்தின் மேல் இல்லை. அந்தக் குற்றங்கள் மத்தியப் பட்டியலில் வருகின்றன, மாநிலச் சட்டமன்றத்துக்கு அதைத் தொட அதிகாரம் இல்லை என்பதுதான் காரணம். வழக்குப் போட்டவர்களே முஸ்லிம்கள் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பாஸ் கட்சியை அடக்க மத்திய அரசு சில காலம் கையாண்ட வழிகள் நல்ல வழிகள் இல்லை. 1977-இல் கிளந்தானில் அவசரகாலம் அறிவித்தார்கள். 1999-இல் திரெங்கானுவில் பாஸ் ஜெயித்ததும், அடுத்த வருடம் அந்த மாநிலத்துக்கு வரவேண்டிய 5 விழுக்காடு எண்ணெய் உரிமைத்தொகையை நிறுத்தி, 'வாங் ஏசான்' (கருணைத் தொகை) என்று பெயர் மாற்றி மத்திய அரசு தன் கை வழியாகவே செலவு செய்தது. யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்பதற்காக ஒரு மாநிலத்தின் பணத்தை நிறுத்தலாம் என்றால், அது நாளைக்கு யாருக்கும் நடக்கும். கட்சி பிடிக்காது என்பதற்காக இதைச் சரி என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்படியென்றால் மாநில அரசு நம்மை ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும், சுற்றுவழியாக. நம்பர் கடையைப் பாருங்கள். சூதாட்ட உரிமம் தருவது மத்திய நிதியமைச்சு. ஆனால் கடை நடத்தும் இடத்துக்கு வணிக உரிமம் தருவது ஊராட்சி மன்றம், அது மாநிலத்தின் கையில். 2023 தொடக்கத்திலிருந்து கெடாவில் அந்த உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்றார்கள். அவ்வளவுதான், மேலிடத்துக் காகிதம் இருந்தும் கதவு சாத்தியாகிவிட்டது. நம்பர் கடைக்காக நான் வருத்தப்படவில்லை, நம் ஊரில் எத்தனை சம்பளம் அங்கே போனது என்று பார்த்தவன். ஆனால் வழி எப்படிப் போகிறது என்பது தெரிய வேண்டும். இதே வழியில்தான் கோயில், சுடுகாடு எல்லாம் வரும்.

தைப்பூசத்துக்குப் பினாங்கில் பொது விடுமுறை, கெடாவில் ஏன் இல்லை? ஒரு ஆற்றைத் தாண்டினால் முருகன் மாறிவிடுவாரா?

முருகன் மாறமாட்டார், விடுமுறைப் பட்டியல்தான் மாறும். தைப்பூசம் மாநில விடுமுறை. பினாங்கு, பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், ஜொகூரில் உண்டு. கோலாலம்பூருக்கும் புத்ராஜெயாவுக்கும் 2008-இல்தான், பொதுத்தேர்தலுக்குச் சற்று முன்னால் அறிவித்தார்கள். கெடாவில் அது நிரந்தரப் பட்டியலில் கிடையாது, வருடா வருடம் மாநில அரசு தனியாக அறிவிக்க வேண்டும். 2021-இல் கொரோனா கால நடமாட்டக் கட்டுப்பாட்டைக் காரணம் சொல்லி ரத்து செய்தார்கள், பெரிய சர்ச்சை ஆனது. நமக்கு நிரந்தரமாக வேண்டியது பட்டியலில் ஒரு வரி. வருடா வருடம் கேட்டு வாங்குவது உரிமை ஆகாது.

பிள்ளையை மதம் மாற்றிய வழக்கு என்று சொல்கிறார்களே, அது மாநிலமா மத்தியா?

இரண்டும் மோதிய இடம் அதுதான். ஈப்போவைச் சேர்ந்த பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தி. 2009-இல் இஸ்லாத்துக்கு மாறிய கணவர், மூன்று பிள்ளைகளையும் தாயின் சம்மதம் இல்லாமல் மதம் மாற்றினார், பதினொரு மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டும் போனார். ஷரியா நீதிமன்றத்துக்கு உட்பட்ட விஷயத்தில் சிவில் நீதிமன்றம் தலையிடக்கூடாது என்று 1988-இல் சேர்த்த பிரிவு 121(1அ)-வைக் காட்டி வருடக்கணக்கில் இழுத்தது வழக்கு. அந்தத் தாய்க்கு ஷரியா நீதிமன்றத்தில் நிற்கவே வழியில்லை, அவர் முஸ்லிம் இல்லையே. 2018 ஜனவரி 29-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும், அந்த மதமாற்றம் செல்லாது, மாநில அதிகாரி செய்ததைச் சிவில் நீதிமன்றம் விசாரிக்கலாம். சட்டம் ஜெயித்தது. தூக்கிப் போன பிள்ளையைத் தாயிடம் கொண்டுவந்து சேர்க்க அந்தத் தீர்ப்பு மட்டும் போதவில்லை. இதை வகுப்பில் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

கோயில் எழுபது எண்பது வருடமாக அங்கேயே இருக்கிறது. அது நம் இடம்தானே?

இல்லை. சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் இதைத் தெரியாமல்தான் பல கோயில்கள் கடைசி நிமிடத்தில் மாட்டிக்கொள்கின்றன. 1965 தேசிய நிலச் சட்டப்படி எத்தனை வருடம் அனுபவித்தாலும் அனுபவ பாத்தியதை என்று ஒன்று வராது. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர்.

எங்கள் கோயில் கதையைச் சொல்கிறேன். கோயிலின் காகிதமெல்லாம் ஒரு சதுர பிஸ்கட் தகரத்தில் இருந்தது. பழைய துரை ஒருவர் தோட்டத்தின் முகவரி அச்சிட்ட தாளில் தட்டச்சு செய்து கொடுத்த கடிதம், மடிப்பில் கிழிந்துபோய் செலோடேப் ஒட்டியிருக்கும். சில மின்சார பில்கள். பழைய கும்பாபிஷேகப் படம் ஒன்று, அதில் என் தாத்தா தோளில் துண்டோடு நிற்கிறார். தோட்டம் மூன்று முறை கைமாறியது, ஒவ்வொரு புது நிர்வாகியும் வந்து "உங்களிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்பார், நாங்களும் அந்தத் தகரத்தைத் திறந்து காட்டுவோம். அந்தக் கடிதம் மரியாதைக்குரியது, ஆனால் அது அனுமதிதான், பட்டா கிடையாது. கொடுத்தவர் போனதும் அடுத்தவரைக் கட்டுப்படுத்தாது.

ஒருநாள் நில அலுவலகத்துக்குப் போனேன். முகப்பில் இருந்த காக் (அக்கா), பெலானை, அதாவது நில வரைபடத்தை, மேசையில் விரித்து, பேனா முனையால் மெதுவாகக் கோடு காட்டினார். கருவறையும் முன்மண்டபமும் தோட்ட லாட்டுக்குள் இருக்கின்றன. அன்னதானக் கொட்டகையும் அரசமரமும் அடுத்த அரசு நிலத்தில். எங்கள் தாத்தாக்கள் கம்பி கட்டிய வேலிக்கும் பெலானில் இருந்த கோட்டுக்கும் சம்பந்தமே இல்லை. இத்தனை வருடம் நாங்கள் ஒரு கோயில் என்று நினைத்தது, காகிதத்தில் இரண்டு நிலம்.

இரண்டுக்கும் வழி வேறு. அரசு நிலத்துக்கு டி.ஓ.எல். எனும் தற்காலிக உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், அது நிரந்தரம் இல்லை. தோட்ட லாட்டில் இருப்பதற்குத் தோட்டக்காரர் அந்தத் துண்டைப் பிரித்துக் கொடுக்கச் சம்மதிக்க வேண்டும், நில அளவை நடக்க வேண்டும், அப்புறம் மாநில ஆட்சிக்குழு வழிபாட்டுத் தலத்துக்கென்று ஒதுக்கி அரசிதழில் போட வேண்டும். இதில் ஒரு படியில்கூடப் பிரதமருக்கு நேரடி அதிகாரம் இல்லை. கோலாலம்பூரில் அமைச்சரைப் பார்த்து மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு வந்தால், படம்தான் மிஞ்சும்.

சபாவுக்கும் சரவாக்குக்கும் மட்டும் ஏன் அவ்வளவு சலுகை?

அது சலுகை என்று நினைப்பதே தப்பு. 1963-இல் மலேசியா அமைந்தபோது அவர்கள் நிபந்தனை பேசித்தான் சேர்ந்தார்கள்: குடிநுழைவு அதிகாரம், மொழி, சமயம், வருமானம். நீங்களோ நானோ அங்கே போனால் இன்றைக்கும் குடிநுழைவு முகப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆனால் எழுதிக் கொடுத்ததை எல்லாம் மத்திய அரசு காப்பாற்றவில்லை. 1966-இல் சரவாக் முதலமைச்சர் ஸ்டீபன் காலோங் நிங்கானை இறக்க, அவசரகாலம் அறிவித்து அந்த மாநிலத்தின் அரசியலமைப்பையே திருத்தினார்கள். 1976-இல் ஒரு திருத்தம் அவ்விரண்டையும் மற்ற மாநிலங்களோடு ஒரே வரிசையில் வைத்தது. அந்த வரியைச் சரிசெய்ய 2021 டிசம்பர் வரை ஆனது.

சபாவிலிருந்து மத்திய அரசு திரட்டும் நிகர வருமானத்தில் 40 விழுக்காடு சபாவுக்கே என்ற வாக்கு அதைவிட மோசமாகக் கிடப்பில் கிடந்தது. 2025 அக்டோபரில் கோத்தா கினாபாலு உயர்நீதிமன்றம், 1974 முதல் அதை நிறைவேற்றாமல் விட்டது சட்டவிரோதம் என்று சொன்னது. அரைநூற்றாண்டு! அங்கே 'சபாஹான்களுக்கே சபா' என்ற குரல் ஏன் வலுக்கிறது என்று கேட்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூர்?

1965 ஆகஸ்ட் 9-ஆம் தேதி மலேசியாவிலிருந்து பிரிந்தது. சேர்ந்து இரண்டு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. மாநிலத்துக்கு என்ன அதிகாரம் என்பதை ஓரளவு பேசி முடித்திருந்தார்கள், ஒரு மாநிலக் கட்சி நாடு முழுவதும் போட்டியிட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் பேசி முடிக்கவில்லை.

நாமும் ஒரு மாநிலம் கேட்டால் என்ன சார்?

ஒரு பையன் முழு மனதோடு கேட்டான், அதனால் முழு மனதோடு பதில் சொல்கிறேன். இந்தியர்கள் நாம் நாட்டில் ஏறக்குறைய 7 விழுக்காடு. எந்த மாநிலத்திலும் நாம் பெரும்பான்மை இல்லை. தோட்டத்தில் இருந்த காலத்தில் ஒரு லயத்தில், ஒரு டிவிஷனில் பெரும்பான்மையாக இருந்தோம். 1960-களில் தோட்டத் துண்டாடல் வந்தது, துரைமார்கள் விற்றுவிட்டுப் போனார்கள், பிறகு செம்பனையும் தாமானும் (வீடமைப்புப் பகுதிகளும்) வந்தன, அந்தக் கூட்டமும் கலைந்தது.

அந்த நேரத்தில் நிலம் என்றால் என்ன என்று சரியாகப் புரிந்துகொண்டவர் துன் சம்பந்தன். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தோட்டத் தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கினார். முதலில் வாங்கியது நம் கெடாவில் இருக்கும் புக்கிட் சிடிம் தோட்டம், 1961-இல். மாநிலம் கேட்க முடியாத சமூகத்துக்கு அவர் பட்டா கொடுக்கப் பார்த்தார். இதைவிட நல்ல யோசனை இன்றுவரை நம் தலைவர்கள் யாருக்கும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஹிண்ட்ராஃப் இனவாத இயக்கமா?

இந்துக்களின் உரிமைக்காகக் கிளம்பிய அந்த இயக்கத்துக்கு அப்படி முத்திரை குத்தினார்கள். 2007 அக்டோபர் கடைசியில் ஷா ஆலம், பாடாங் ஜாவாவில் தீபாவளிக்குச் சில நாள் முன்பு மாரியம்மன் கோயிலை இடித்தார்கள். நவம்பர் 25-ஆம் தேதி கோலாலம்பூர் தெருவில் பல்லாயிரம் பேர், கண்ணீர்ப்புகை, தண்ணீர் பீரங்கி. டிசம்பரில் ஐந்து தலைவர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போனார்கள், அடுத்த வருடம் இயக்கத்துக்குத் தடை, 2013-இல்தான் தடை நீங்கியது. அதன் மொழியில் சில இடங்களில் மிகை இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் அது தனிநாடு கேட்கவில்லை, யாருடைய மதத்தையும் பறிக்கவில்லை, வாழ இடமும் சாமி கும்பிட இடமும் கேட்டது.

2008 மார்ச் பொதுத்தேர்தலில் நான்கு மாநில ஆட்சிகள், மத்தியில் ஆண்ட தேசிய முன்னணியின் கையை விட்டுப் போயின, கெடாவும் அதில் ஒன்று. பினாங்கில் ஒரு தமிழர் துணை முதலமைச்சர் ஆனார். மாநிலம் நமக்குச் சொந்தமில்லை என்றாலும், யார் அதை ஆள்வது என்பதில் நம் ஓட்டு தராசு முள்ளாகலாம் என்று அப்போதுதான் தெரிந்தது. சிதறி இருப்பதில் உள்ள ஒரே பலம் அது.

ஊராட்சித் தேர்தல் வந்தால் நமக்கு நல்லதா?

நல்லது என்பது என் கருத்து. 1965-இல் நிறுத்திய தேர்தல் இன்னும் திரும்பவில்லை, 1976 சட்டம் அதை ஒரேயடியாக மூடிவிட்டது. இப்போது கவுன்சிலர்களை நியமிப்பது மாநில அரசு. மாநிலத்தில் நாம் சிறுபான்மை, ஆனால் ஒரு பட்டணத்தில், ஒரு வட்டாரத்தில் நம் எண்ணிக்கைக்கு மதிப்பு இருக்கும். மலாய்க்காரர்களில் பலர், பட்டணமெல்லாம் கைவிட்டுப் போகும் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தையும் உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும், ஒதுக்கித் தள்ள முடியாது.

கடைசியாக ஒன்று, எந்தப் பிரச்சினைக்கு யாரிடம் போவது?

சிவப்பு அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், குடியுரிமை என்றால் தேசியப் பதிவிலாகா, அது மத்திய அரசு. அங்கே இழுத்தால் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரைப் பிடியுங்கள். கோயில், சுடுகாடு, வீட்டு நிலம் என்றால் மாவட்ட நில அலுவலகம், அதற்கு மேலே சட்டமன்ற உறுப்பினர், அதற்கு மேலே ஆட்சிக்குழு. கட்டட அனுமதி, கடை உரிமம், சாக்கடை என்றால் நகராண்மைக் கழகம். பள்ளிக் கட்டடம் கல்வி அமைச்சு, பள்ளி நிலம் மாநிலம். நிலம் அரசாங்கத்தின் பெயரில் இல்லாத பள்ளிகள் பகுதி உதவிதான் பெறும், அதனால் முதலில் நிலத்தை விசாரியுங்கள். மதமாற்றச் சிக்கல் என்றால் அன்றைக்கே ஒரு வழக்கறிஞர், நாள் தள்ள வேண்டாம்.

எதைக் கொடுத்தாலும் இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றை அவர்களிடம் கொடுத்து, இன்னொன்றில் 'டித்தெரிமா' (பெற்றுக்கொண்டோம்) முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளாமல் முகப்பை விட்டு நகராதீர்கள். எங்கள் பிஸ்கட் தகரத்தில் துரை கொடுத்த கடிதத்துக்கு மேலே இப்போது அப்படி முத்திரை விழுந்த நகல்கள் நாலு இருக்கின்றன, ஐந்தாவதை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை சுங்கைப்பட்டாணிக்குப் போகிறேன்.